நாலாவது பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்வது பற்றி

பதுளை,
திங்கட்கிழமை.

அன்பு மருமகன் கிரிஷாந்தனுக்கு மாமா சண்முகராஜா எழுதுவது. இங்கே அத்தை நலம். மருந்துக்கடை நலமில்லை. போனில் கேட்டால் நீ பாதியை இங்கிலீஷில் சொல்வதால் கடிதமாக எழுதுகிறேன்.

பதுளை, பண்டாரவளை, லுணுகலை மூன்று கடைக்கும் ஒவ்வொரு பெட்டியாக நீ வைத்து, ஒன்றோடொன்று இணைத்துத் தந்த கம்ப்யூட்டரில், யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற விவரமெல்லாம் இருக்கிறது. கூட்டம் கூடிப் பதில் தாமதமானதால் பதுளைக்கு இன்னொரு பெட்டி அனுப்பினாய். ஆள் கூடினால் வேலை சுருங்கும் என்றுதான் நானும் நினைத்தேன்.

"மாமா, மொத ரெண்டு நாளைக்கு அதுகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. மத்த பெட்டியில உள்ளதை மெதுவா படியெடுக்கட்டும்" என்று நீ சொன்னது உண்மை. ஆனால் வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் சந்தனம் குங்குமம் வைத்து ஏற்றிய பெட்டியைச் சும்மா உட்கார வைப்பது எந்தக் கடையில் வழக்கம்? முதல் வியாபாரம் அதன் கையால்தான் என்று மருந்து கொடுக்கும் சுலோஜனாவிடம் சொல்லிவிட்டேன். வந்தது வினை. அதற்கோ ஒன்றும் தெரியாது, கேட்டதையெல்லாம் பழைய பெட்டிகளிடம் போய்க் கேக்குது, அதுங்களோ இதுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கிட்டே பதிலும் சொல்லணும், திரையில வட்டம் சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. ஸ்பிரிங்வெளித் தோட்டத்து ராமலட்சுமி அம்மா பதினொரு மணிக்கு வந்தவர். ஒரு மாத்திரை சாப்பிட்டு முன்பு மூச்சடைத்துப்போனவர் என்பதால் விவரம் பார்க்காமல் மருந்து தரமாட்டேன் என்றாள் சுலோஜனா. ஒரு மணி பஸ்ஸும் போய்விட்டது.

"அய்யா, ஒரு பெட்டி இருந்தப்ப நின்னுக்கிட்டே மருந்து வாங்கினேன். மூணு வந்ததும் பெஞ்சு போட்டீங்க. நாலாவதுக்குப் பாய் விரிப்பீங்களா?" என்றார். திங்கட்கிழமையும் இப்படியென்றால் எதிர்க்கடைக்குப் போவதாகவும் சொன்னார். இருபது வருட வாடிக்கை, தம்பி.

சனிக்கிழமையும் அதே கதை. ஞாயிறு கடை பூட்டு. இன்று காலை கடை திறந்ததும் முதல் வேலையாக, பொட்டு வைத்த அந்தப் பெட்டியைக் கழற்றி அலுமாரியில் வைத்தேன். ராமலட்சுமி அம்மா வந்தார். பெயரைத் தட்டினோம், கண்மூடித் திறக்குமுன் விவரம் வந்து நிற்கிறது. பெஞ்சில் உட்காராமலே மருந்தோடு போனார். ஆகவே பழைய பெட்டிதான் கெட்டி. புதியதை வந்து எடுத்துப் போகவும்.

உன் வேலை உயரவும், உடம்பு தேறவும் கதிர்காமத்தான் துணையிருப்பான்.

இப்படிக்கு,
மாமா சண்முகராஜா

பி.கு: இதைத் தபாலில் போடும்படி சுலோஜனாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பித் தந்தாள். பழைய பெட்டி மனம் நோகுமே என்று அத்தை அன்று இரண்டுக்கும் பொட்டு வைத்தாளாம். புதியதின் பொட்டைத் தூசி தட்டும்போது இவள் துடைத்துவிட்டாளாம். அலுமாரியில் இருப்பது பழையது. யாரும் கேள்வி கேட்காத ஞாயிற்றுக்கிழமையில் படியெடுத்து முடித்த புதியதுதான் காலையிலிருந்து பதில் சொல்கிறது. ஆகவே மேலே எழுதியதில் அத்தை நலம் என்பதை மட்டும் எடுத்துக்கொள். பழையதைத் திரும்பச் சேர்க்கும்போது அதுவும் இரண்டு நாள் படிக்குமா? அத்தை சந்தனக் கிண்ணத்தோடு நிற்கிறாள், சீக்கிரம் சொல்.