கட்டில் மாறியவருக்குத் தனிப்பதிவு

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அக்காள் கணவர் எழுதுவது. இங்கே உன் அக்காள் நலம். நான் நலமா என்பதை இந்தக் கடிதத்தின் முடிவில் நீயே தீர்மானித்துக்கொள். உன் வீட்டில் அனைவரும் நலமாக இருக்க வேண்டும். எல்லாரையும்விட உன் ஞாபகசக்தி நலமாக இருக்க வேண்டும். இன்று எனக்குத் தேவை அதுதான்.

ஓய்வுக்குப் பிறகு நான் ஒரு கலைக்களஞ்சிய அலுவலகத்தில் சரிபார்ப்பவராக இருப்பது உனக்குத் தெரியும். இரண்டாவது மாடி, ஒரு நீள மேசை, மூன்று நாற்காலி. ஒன்றில் பதிப்பாசிரியர் அம்மாள், ஒன்றில் நூலகர், ஆடுகிற நாற்காலியில் நான். முப்பத்தெட்டு வருடம் செய்தியாளராக இருந்து, ஒரு நாள்கூடத் 'திருத்தம்' வெளியிட வைக்காதவன் என்பதற்காகத்தான் அந்த அம்மாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். புதிதாக யார் வந்தாலும் என்னைக் காட்டி, "இவர் எழுதினதுல ஒரு தப்புகூட வந்ததில்லை" என்று சொல்லுவார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கத்தில் அல்ல, சந்தோஷத்தில்.

போன வாரம் நூலகர் ஒரு விண்ணப்பம் கொண்டுவந்தார். ஊர் ஊராகச் சுற்றுகிற அந்தக் கதை உனக்கும் தெரியும்: ஒருவர் மருத்துவமனைக்கு நண்பரைப் பார்க்கப் போகிறார், நண்பரை எக்ஸ்ரே எடுக்க அழைத்துப் போயிருக்கிறார்கள், இவர் களைப்பில் அந்தக் காலிக் கட்டிலில் சாய்கிறார், தூங்கிப்போகிறார், ஆட்கள் வந்து அப்படியே தள்ளிக்கொண்டு போய்க் குடல்வாலை அறுத்து எடுத்துவிடுகிறார்கள். இந்தக் கதைக்குத் தனிப்பதிவு உண்டா, இல்லை, 'மருத்துவமனை' பதிவுக்குள் இரண்டு வரி போதுமா என்பது கேள்வி. நான் சிரித்தேன். அம்மாள் சிரிக்கவில்லை. "பரவினதுக்கு ஆதாரம் இருக்கு. எங்க ஆரம்பிச்சதுன்னு அச்சுல ஒரு ஆதாரம் வேணும். கண்டுபிடிச்சா தனிப்பதிவு. ஒரு வாரம்" என்று என்னிடம் தள்ளிவிட்டார்.

முடிதிருத்துபவரிடம் கேட்டேன். "சார், அது கதையே இல்ல சார். என் தங்கச்சி வீட்டுக்காரரோட முதலாளிக்கு நடந்தது" என்று என் காதருகில் கத்தரியை நிறுத்திச் சத்தியம் செய்தார். டாக்சிக்காரர் அவருடைய எதிர்வீட்டுக்காரருக்கு நடந்தது என்றார். எந்த வீடு என்று கேட்டதற்கு, "அவரு காலி பண்ணிட்டாரு சார், அந்த அசிங்கத்துல" என்றார். சரி, வாய்ப்பேச்சு வேண்டாம் என்று அச்சில் வந்ததைத் தேடினேன். காப்பீட்டு நிறுவனத்தின் கையேடு ஓர் உடல்நல இதழைப் பார்த்து எழுதியது. அந்த இதழ் ஒரு புத்தகத்தைப் பார்த்து எழுதியது. புத்தகத்தின் அடிக்குறிப்பில் ஒரு நாளிதழின் பெயர், தேதி, ஐந்தாம் பக்கம். நாளிதழ் நான் வேலை பார்த்ததேதான்.

நூலகத்தில் பழைய தொகுப்பைத் தூக்கிவந்து மேசைமேல் போட்டார்கள். முப்பத்தொரு வருடத்துக்கு முந்தைய தாள். ஐந்தாம் பக்கத்தின் அடியில் ஆறு வரி. எழுதியவர் பெயர் இல்லை. ஆனால் 'மூன்று ஆப்பிள்களுடன் நண்பரைக் காணச் சென்ற இளைஞர்' என்று தொடங்குகிறது. அடேய், அந்த அலுவலகத்தில் பழத்தை எண்ணி எழுதுகிறவன் நான் ஒருவன்தான்! அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. பக்கத்தில் ஆறு வரி காலியாக இருந்தது. நிரப்பக் கையில் ஒன்றுமில்லை. முந்தின நாள் நீ வீட்டுக்கு வந்து இந்தக் கதையைச் சொல்லியிருந்தாய். நீ சோபாவில் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன், நீ சிரிக்கவில்லை. "யாருக்குடா நடந்துச்சு?" என்றேன். "நண்பனோட நண்பனுக்கு அத்தான்" என்றாய். எத்தனை ஆப்பிள் என்று கேட்டேன். பெயரைக் கேட்கவில்லை! முப்பத்தெட்டு வருடத்தில் பெயர் கேட்காமல் எழுதிய ஒரே செய்தி, அதுவே இன்றைக்கு ஊர்முழுக்கச் சுற்றி என் மேசைக்கே வந்து நிற்கிறது.

என்ன செய்வது? மறைத்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த அம்மாள் இனி என்னைக் காட்டிப் பேசும்போது எந்த முகத்தோடு குனிவது? பழைய அலுவலகத்துக்கு நேரில் போய்த் திருத்தம் எழுதிக் கொடுத்துவிட்டேன்: 'கட்டில் மாறி அறுவைசிகிச்சை நடந்ததாக இந்நாளிதழில் வெளியான செய்தி உண்மையல்ல. அப்படி ஒருவர் இல்லை. வருந்துகிறேன்.' என் பெயரோடு, நாளைக் காலை வரும். இப்போது இருக்கிற ஆசிரியருக்கு நம் மகள் வயது. "எதுக்கு சார் இதெல்லாம், அந்தப் பேப்பர்ல பொட்டலம் கட்டி முடிஞ்சே முப்பது வருஷம் ஆச்சு" என்றது அந்தப் பெண். நான் கேட்கவில்லை.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். உனக்கு இந்தப் பொய்யைச் சொன்னவன் யார்? பெயர், ஊர், தொழில். மறுதபாலில் எழுது. சாகிறதுக்குள் அவன் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, எதைக் கேட்டாலும் பெயரையும் கேட்டுக்கொள்ளும் பழக்கத்தோடு நீண்டகாலம் வாழட்டும்.

இப்படிக்கு,
அத்தான்

பின்குறிப்பு: நேற்று தபால்தலை இல்லாமல் இதை மேசையில் வைத்துவிட்டேன். இன்று காலை உன் அக்காள் படித்துவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "யார் சொன்னதுன்னு அவன்கிட்டயே கேக்கறீங்களே! அவனைத்தாங்க தள்ளிக்கிட்டுப் போனாங்க. இத்தனை வருஷத்துல அவன் சட்டை இல்லாம நின்னு பாத்திருக்கீங்களா? தையல் போட்ட மூணாம் நாள்தான் தலையணையோட வந்து உக்காந்தான்" என்றாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். "உங்ககிட்ட சொன்னா பேப்பர்ல போட்டுருவீங்கன்னு பயந்தான்" என்றாள்.

நாளிதழுக்குத் தொலைபேசினேன், வண்டிகள் விடியுமுன்பே கிளம்பிவிட்டனவாம். வைத்த உடனே நூலகர் கூப்பிட்டார், ஒரே குதூகலம். ஆரம்ப இடத்துக்கு அச்சில் ஆதாரம் கிடைத்துவிட்டதாம், என் திருத்தம்தான். தனிப்பதிவு உறுதி. முதல் வரி 'அப்படி ஒருவர் இல்லை'. உன் தழும்பைப் பற்றிச் சொன்னேன். "தழும்பு அச்சுல வந்திருக்கா சார்?" என்கிறார்.

இத்தனை வருடத்தில் நான் எழுதிய ஒரே பொய், மைத்துனா, இன்று காலை வெளியான அந்தத் திருத்தம்தான்.