தோக்ஜா கடை வாசலில் நிற்கும் என்னை நகர்த்தித் தரவும்

தொலைக்காட்சி நிலையத்தின் பழைய படக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் மேலாளர் ஐயா அவர்களுக்கு,

பூசான் சந்தையில் பன்றிக்கறி சூப்புச் சோறு விற்கும் குவாக் மல்சூன் வணக்கத்துடன் எழுதுவது. கடல் காற்று பல்லைக் கிட்ட வைக்கிற இந்தக் குளிரில் தாங்களும் தங்கள் குடும்பமும் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சௌக்கியமாக இல்லை. காரணம் தாங்கள்தான்.

போனைத் தூக்கிப் பிடித்தால், அந்தக் காலத்தில் எந்த இடத்தில் படம் எடுத்தீர்களோ அதே இடத்தில் அந்தப் பழைய படம் போனுக்குள் ஓடும்படி சந்தை முழுக்கச் செய்திருக்கிறீர்கள். நல்ல காரியம். என் பேத்தி தாபின் ஓடி வந்து, "பாட்டி, நீ போன்ல வர்ற! என்ன அழகா இருக்க!" என்றாள். அழகு எனக்குத் தெரிந்த விஷயம்தான். எங்கே என்று போய்ப் பார்த்தால், எதிர்க்கடை தோக்ஜா வாசலில்! எனக்கு ஆறு வருஷம் கழித்துக் கடை போட்டுவிட்டு, 'அசல் கடை' என்று என்னுடையதைவிடப் பெரிய பலகை மாட்டியிருக்கிறாளே, அவள் வாசலில். இருபத்து மூன்று வயது நான் அங்கே நின்று அண்டாவைக் கிண்டிக்கொண்டு, படம் பிடிக்கிறவரைப் பார்த்து, "சாப்பிட வந்தியா, வேடிக்கை பாக்க வந்தியா? வழிய விடுய்யா!" என்று கத்துகிறேன். போன் வழியாகப் பார்த்தால், நான் ஊற்றுகிற சூப்பு ஒவ்வொரு தடவையும் கல்லாவில் இருக்கும் அவள் புருஷனின் வழுக்கைத் தலையில் விழுகிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் முகம் என்னுடையது, கரண்டி என்னுடையது, கூட்டம் மட்டும் அவளுக்கா? காலையிலிருந்து அவள் வாசலில் ஜனம் நகரவில்லை. அவளும் வெளியே வந்து கையை வீசி வீசி ஏதோ சொல்கிறாள், வா வா என்று கூப்பிடுகிறாளாக்கும். என் கடைக்கு வழக்கமான மீன்காரர்களும் லாரிக்காரர்களும்தான் வருகிறார்கள்.

உங்கள் ஆள் நாம்குங்கைப் பிடித்துக் கேட்டேன். "பாட்டிம்மா, எடுத்த இடத்துலதான் வைக்கணும். வரலாறு நகராது" என்றார்.

"ஏன் நகராது? அப்ப நான் தள்ளுவண்டியிலதானே வித்தேன்! என் இடத்துல மழைத்தண்ணி நின்னுச்சுன்னு ஒரு நாள் அந்தப் பக்கம் தள்ளிட்டுப் போனேன். அது சக்கரம் வச்ச வரலாறுய்யா" என்றேன். அவர் ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் யார் முகமோ அவர் வாசலில்தான் இருக்க வேண்டும் என்பதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். உடனே நகர்த்தவும். இல்லாவிட்டால் அண்டாவோடு உங்கள் நிலைய வாசலுக்கு வந்துவிடுவேன்.

உங்கள் வீட்டுச் சோறு ஆறாமலும் குழந்தைகள் பரீட்சையில் தவறாமலும் இருக்க வாழ்த்தும்,
குவாக் மல்சூன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் நாம்குங் வந்து படத்தை என் வாசலுக்கு மாற்றிவிட்டார். மிக்க நன்றி. தயவுசெய்து பழைய இடத்திலேயே வைத்துவிடவும். போன் தூக்கியவர்களில் ஒருத்தரும் சாப்பிடுவதில்லை. லாரிக்காரர்கள் உள்ளே நுழைய முடியாமல் திரும்பிப் போகிறார்கள். ஒருத்தி போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "நீங்க இந்தப் பொண்ணோட அம்மாவா?" என்கிறாள். போனுக்குள் இருப்பவளும் நானும் சேர்ந்து "வழிய விடு" என்று கத்துகிறோம், ஒருவரும் அசையவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு துண்டு முள்ளங்கிகூடக் கொடுக்காத தோக்ஜா, ஒரு வாளி நிறைய கிம்ச்சி ஊறுகாய் கொண்டுவந்து, "அக்கா, என் வாசல்ல இருந்த பீடைய நீங்களே கேட்டு வாங்கிக்கிட்டீங்களாமே, நல்லா இருக்கணும் நீங்க!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கிம்ச்சி ருசியாக வேறு இருக்கிறது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.