என்ஜினுக்கு வந்த விக்கல்

பன்னிரண்டாயிரம் சுற்றை நெருங்கியதும் என்ஜின் விக்கியது. இரண்டு தடவை இருமிவிட்டு அணைந்தது.

"மூணாவது தடவை சார்," என்றாள் மீட்டர் முன்னால் இருந்த உதவிப் பொறியாளர்.

"உன்னை எண்ணச் சொன்னேனா?"

"எனக்குச் சம்பளமே அதுக்குத்தானே சார்."

வடிவமைப்பாளர் பல்லைக் கடித்தார். பந்தய மோட்டார் சைக்கிளுக்கான புது என்ஜின் அது. நிமிடத்துக்குப் பதினாலாயிரம் சுற்று சுற்ற வேண்டும். அந்த வேகத்தில், கண் இமைப்பதற்குள் இருபது தடவை பெட்ரோலைத் தூவியாக வேண்டும். அதைத் தூவும் இன்ஜெக்டர் ஒன்று போதாது, மேலே இன்னொன்று வேண்டும் என்று மல்லுக்கு நின்று அனுமதி வாங்கியவர் அவர்தான். நாலு மணிக்கு டைரக்டர் பார்க்க வருகிறார். இன்று சுற்றாவிட்டால் இரண்டு வருட உழைப்பு குப்பைக்கூடைக்கு.

மேல் இன்ஜெக்டரை இரண்டு விரல்கடை உயர்த்தினார். என்ஜின் சீறிக்கொண்டு ஏறியது. பதினோராயிரத்திலேயே படுத்துவிட்டது.

"முன்னாடியாவது பன்னெண்டு வந்துச்சு," என்றாள் அவள்.

"வாயை மூடிட்டு, தூவற நேரத்தைக் கொஞ்சம் முன்னாடி தள்ளு."

தள்ளினாள். இந்தத் தடவை இன்னும் வேகமாக ஏறி, பத்தாயிரத்தில் நின்றது.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகவே மாட்டேங்குது."

"நான் வேலையில இருக்கேன்."

"என்ன வேலை?"

"என்ஜினை ஓட வைக்கிற வேலை."

"சரி, நான் பஸ்ல போய்க்கறேன்."

"சார், நிக்கறதுக்கு முன்னாடி பெட்ரோல் அழுத்தம் சர்ருனு இறங்குது," என்றாள் உதவிப் பொறியாளர்.

அவர் முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லு. ரெண்டு இன்ஜெக்டருக்கும் ஈடுகொடுக்க பம்புக்குத் தெம்பில்லை. பெரிய பம்பை மாட்டு."

மாட்டி முடிக்கவும் டைரக்டர் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. என்ஜின் கிளம்பிய வேகத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. டைரக்டர்கூட ஓர் அடி பின்வாங்கினார்.

எட்டாயிரம். விக்கல். இருமல். அமைதி.

"இதைவிட என் வீட்டு மிக்சி நல்லா சுத்தும்யா," என்றார் டைரக்டர். "போதும். நாளைக்கு பழைய டிசைனுக்கே போயிடுவோம்."

வடிவமைப்பாளர் மீட்டரையும் என்ஜினையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், எங்கே தப்புன்னே புரியல..."

அப்போது பக்கத்துக் கதவு திறந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு மீட்டரைப் பார்த்தபடி பெட்ரோல் டாங்கைக் கவனித்துக்கொள்ளும் ஊழியர், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி வந்தார். டைரக்டருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, வடிவமைப்பாளரிடம் பெருமையாகச் சொன்னார்:

"பன்னெண்டாயிரத்தைத் தொட்டா என்ஜின் வெடிச்சிடும், அதுக்கு முன்னாடியே பெட்ரோல் வால்வை மூடிடணும்னு போன மாசம் நீங்க எழுதி ஒட்டின சீட்டுப்படி, இன்னிக்கு மட்டும் ஆறு தடவை காப்பாத்தியிருக்கேன் சார்; தடவைக்குத் தடவை இன்னும் வேகமா ஏறுதேன்னு பயந்து, கடைசி மூணு தடவையும் கொஞ்சம் முன்கூட்டியே மூடிட்டேன்."