மாத்திரைக்கு டோக்கன்

"ஃபேனை நிறுத்து!" என்று ராஜாமணி அலறுவதற்குள் பிரித்துக் கொட்டிய மாத்திரையில் பாதி பறந்துவிட்டது. அலறிய மூச்சில் மீதியும் பறந்தது.

திண்டிவனம் தாலுகா ஆபீசில் முப்பத்தாறு வருஷம் கோலோச்சி ஓய்வு பெற்றவர். ரத்த அழுத்தத்தால் அவருடைய கண்புரை ஆபரேஷன் இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. அடுத்த வெள்ளிக்குள் குறையாவிட்டால் மூன்றாவது முறை. விழுப்புரம் டாக்டர் ஒரு கேப்ஸ்யூல் எழுதிக் கொடுத்தார். உள்ளே பொடிப்பொடியாய் நூற்றுக்கணக்கான உருண்டைகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு பூச்சு. பன்னிரண்டு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மருந்தை விடுமாம்.

"உள்ள யாரு மேற்பார்வை?" என்றார் ராஜாமணி. "மொத்தமா வுட்டா முண்டியடிக்கும். டோக்கன் போட்டுத்தான் அனுப்பணும்."

"அதுக்குத்தானேங்க பூச்சு பூசியிருக்கான்?" என்றாள் மனைவி அருணா.

"ஆபீஸ் சுவத்துல நான் பார்க்காத பூச்சா? மூணே மாசத்துல பேந்துரும்."

மறுநாள் ஃபேனை நிறுத்திவிட்டு, பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தார். மணிக்கு இருபது உருண்டை. வியர்வையில் உருண்டைகள் விரலில் ஒட்டின. கணக்குத் தப்பி மறுபடி முதலிலிருந்து எண்ணினார். மணிக்கொரு அலாரம் வைத்தார். மத்தியானத் தூக்கம் போனது. மூன்றாம் நாள் விழுப்புரத்தில் நர்ஸ் வெண்ணிலா ரத்த அழுத்தம் பார்த்தபோது நூற்றெழுபத்தெட்டு.

"இன்னா சார், ஏறிக்கினே போவுது?"

"எண்ணிக்கையில பிசகு. சரிபண்ணிடுறேன்." அவர் தளரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அருணா அவர் வழிக்கே இறங்கிவந்தாள். "கண்ணு தெரியாம ஏங்க இந்த பேஜாரு? நானே பிரிச்சி, எண்ணி, மணிக்கு மணி தர்றேன். நீங்க ஃபேனைப் போட்டுக்கினு படுங்க. காலையில இந்த வைட்டமினை மட்டும் முழுங்கிடுங்க. ஆபரேஷனுக்குத் தெம்பு வேணுமில்ல?"

அதிகாரத்தைப் பகிர்ந்தளிப்பதும் நிர்வாகம்தான். ராஜாமணி சம்மதித்தார். ஸ்பூனில் வந்ததை மணி தவறாமல் வாயில் போட்டுக்கொண்டு, "தோ, இறங்குது பாரு" என்று நெஞ்சைத் தடவிக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை நூற்று முப்பது.

"எப்படி சார்?" வெண்ணிலா வியந்தாள்.

"கம்பெனிக்காரன் தப்பை நான் சரிபண்ணேன். மணிக்கு இருபது! விவரமா எழுதி அனுப்பப் போறேன், அவனும் கத்துக்கட்டும்."

டாக்டர் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டார்.

"சீல் குத்தியாச்சாம்மா?" அருணா கேட்டாள்.

"ஆச்சுக்கா."

அருணா கணவர் பக்கம் திரும்பினாள். "காலையில முழுங்கினீங்களே வைட்டமின், அதாங்க மாத்திரை. மணிக்கு இருபது எண்ணிக் குடுத்தது கசகசா."