காரணம்: சோயா பால்

ஒன்பதாவது சோயா பால் டப்பாவை அவர் பாத்திரத் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது மனைவி வந்து நின்றாள்.

"என்னங்க பண்றீங்க?"

"தேதி முடிஞ்சுபோச்சு."

"போன வாரம்தானே வாங்கினீங்க?"

"கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றார். பாவம், அந்தக் கடைக்காரர் அவரை ஒரு நாளும் ஏமாற்றியதில்லை.

அவர் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். இன்ஸ்பெக்டர் என்பது பேரோடு சரி. போலீஸ்காரரைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிற ரகம். கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்டுகளைச் சோதிப்பது வேலை. எங்கேயாவது லேசாகக் 'கிரீச்' என்று கேட்டால் போதும், கதவில் சிவப்புச் சீட்டை ஒட்டி நிறுத்திவிடுவார். பன்னிரண்டாவது மாடிக்காரர்கள் மூச்சிரைக்கப் படியேறும்போது அவருடைய பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். சீட்டை ஒட்டிய கையோடு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் இரண்டு கட்டங்கள்: பழுதுக்குக் காரணம், பொறுப்பாளர். இரண்டும் நிரம்பாமல் அந்த லிஃப்ட் அசையாது. இருபத்திரண்டு வருடம் இப்படியே பழகியவருக்கு, காரணமே தெரியாத பழுது என்று ஒன்று இருக்கலாம் என்பது தோன்றியதே இல்லை.

பத்து மாதத்துக்கு முன்பு மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் என்று ஒரு பக்க மார்பை எடுத்தார்கள். பிறகு மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, மறுபடி முளைத்தது. அவள் கண்ணாடி முன்னால் நின்று தலைவார ஆரம்பித்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான், லிஃப்டின் இரும்பு வடத்துக்கு எண்ணெய் போடுகிற சக ஊழியர், எல்லாரும் 'கிரீஸ்' என்று கூப்பிடுகிறவர், டீ வேளையில் வாயைத் திறந்தார்.

"சோயாவுல பொம்பளைங்க ஹார்மோன் இருக்காம்ண்ணே. மார்ல புத்து வர்றதே அதாலதானாம். ஒருத்தர் வீடியோவுல புட்டுப்புட்டு வைக்கிறாரு."

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். ஆறு வருடத்துக்கு முன்னால் மனைவிக்குக் கொழுப்பு கூடியிருக்கிறது என்று யாரோ ஒரு டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு டம்ளர் சோயா பாலை அவள் கையில் கொடுத்து, கடைசிச் சொட்டு இறங்கும்வரை பக்கத்திலேயே காவல் நின்றவர் அவர்தான். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். "நல்லதுக்குத்தானே சொல்றேன்" என்பார்.

அன்று சாயங்காலம் ஒரு படிவத்தை எடுத்தார். பழுதுக்குக் காரணம்: சோயா பால். பொறுப்பாளர் என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கட்டினவளுக்குத் தன் கையாலேயே வியாதியை ஊட்டியிருக்கிறோம் என்று முடிவுகட்டிவிட்டார். அதை அவளிடம் மட்டும் சொல்லவில்லை.

பாலோடு நிறுத்தியிருந்தால் தேவலை. தொழில் புத்தி விடுமா? டார்ச் அடித்து ஒவ்வொரு பாக்கெட்டின் முதுகையும் படித்தார். ரொட்டியில் சோயா மாவு. பிஸ்கட்டில் சோயா லெசித்தின். சமையல் எண்ணெய் முழுக்க முழுக்கச் சோயா. மூன்றே நாளில் அலமாரி துடைத்துவிட்டது போல ஆனது.

"வாங்கி வச்சதெல்லாம் எங்கங்க போகுது? எலி வருதா?"

"ஆமா. பெரிய எலி."

அவள் எலிப்பொறி வாங்கி வந்து வைத்தாள். அலமாரிக்கு அடியில் தப்பிக் கிடந்த கடைசி பிஸ்கட் பாக்கெட்டைத் துழாவும்போது அவருடைய கட்டைவிரல்தான் அதில் மாட்டியது. நகம் கறுத்துப்போன விரலை ஆபீஸில் லிஃப்ட் கதவு நசுக்கியது என்று சொல்லிவைத்தார்.

மிச்சம் இருந்தது சத்துமாவு டப்பா ஒன்று. சிகிச்சையில் இளைத்த உடம்பு தேறுவதற்கு ஆஸ்பத்திரியிலேயே எழுதிக் கொடுத்தது. தினம் இரண்டு வேளை. அதன் பின்னால் முதல் வரியே சோயா புரதம். ஆஸ்பத்திரிக்காரர்களே இப்படிச் செய்தால் யாரை நம்புவது? கொட்டினால் அவள் கேள்வி கேட்பாள். அதனால் டப்பாவைக் காலி செய்து, சோள மாவை நிரப்பி, மூடியை இறுக்கி வைத்தார்.

"என்னங்க இது, கோந்து மாதிரி இருக்கு?"

"புது ரகம். அப்படித்தான் இருக்கும்."

அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதையும் குடித்தாள். அவர் கொடுத்து அவள் எதை மறுத்திருக்கிறாள்?

ஆறு வாரத்தில் அவள் கையில் வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. படியேறினால் சுவரைப் பிடித்தாள். ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலைநிமிராமல் கேட்டாள்.

"மறுபடியும் வந்துடுச்சோ?"

"சேச்சே. வெயிலு, வேற ஒண்ணுமில்ல" என்றார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

பரிசோதனை நாளன்று எடை பார்த்த நர்ஸ் முள்ளை இரண்டு தடவை குனிந்து பார்த்தாள். "அஞ்சு கிலோ குறைஞ்சிருக்கேம்மா!" டாக்டரம்மாவின் முகம் மாறியது. திரும்பி வந்திருக்கிறதா என்று உடனே ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

ஸ்கேன் அறை வாசலில் மனைவி தன் கைப்பையை அவரிடம் கொடுத்தாள்.

"துணி துவைக்கிற மெஷின்ல ரெண்டாவது பட்டனை அமுக்குங்க. முதல் பட்டன் ரிப்பேர், தண்ணி நிக்காது."

"இப்ப எதுக்கு அது?"

"இனிமே நீங்கதானே பார்த்துக்கணும்."

கதவு மூடியது. அவ்வளவுதான், அவர் உடைந்துபோனார். நேரே டாக்டரம்மாவின் அறைக்குள் போய், படிவத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்து, டம்ளர் பாலிலிருந்து சோள மாவு வரைக்கும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். கடைசியில், "என்னைப் போலீஸ்ல புடிச்சுக் குடுத்துடுங்க டாக்டர்" என்றார்.

டாக்டரம்மா படிவத்தை இரண்டு தடவை படித்தார்.

"சாப்பாட்டுல சாதாரணமா சேர்க்கிற சோயாவால மார்பகப் புற்றுநோய் வருதுன்னு ஆராய்ச்சிங்க காட்டலைய்யா. சோயாச் சத்தை மாத்திரையா விழுங்கறதா இருந்தா மட்டும் எங்களைக் கேட்டுட்டு விழுங்கணும். தினம் ஒரு டம்ளர் பால் குடுத்தது ஒரு குத்தமா?"

"அப்ப என்னால வரலையா?"

"வியாதி உங்களால வரல. இந்த அஞ்சு கிலோ மட்டும் உங்களாலதான் போச்சு. நோயாளிக்குச் சோள மாவா குடுப்பாங்க?" என்று சொல்லிப் படிவத்தைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

முக்கால் மணி நேரத்தில் ஸ்கேன் முடிவும் வந்தது. எங்கேயும் எதுவும் இல்லை. ஒழுங்காகச் சாப்பிட்டால் தேறிவிடுவாள்.

மனைவி உள்ளே உடை மாற்றிக்கொண்டிருந்தாள். அவர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, ஆறு வாரப் பாரமும் இறங்க, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஜென்மத்தில் இப்படி ஒரு நிம்மதியை அவர் அறிந்ததில்லை. என்னால் இல்லை, என்னால் இல்லை என்று மனம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டது.

எடை பார்த்த நர்ஸ் ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

"அழாதீங்க சார், அம்மா மாதிரி ஒரு மனுஷி கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்றாள். "ஆபரேஷனுக்கு ஒன்றரை வருஷம் முன்னாடி, கட்டி பட்டாணி அளவு இருக்கும்போதே தனியா வந்து காட்டினாங்க, 'இப்ப சொன்னா எங்க வீட்டுக்காரர் பயத்துலயே விழுந்துடுவாரு, அவருக்கு மனசு கொஞ்சம் திடமாகட்டும், அப்புறம் வர்றேன்'னு சொல்லித் திரும்பிப் போனவங்களாச்சே!"