கொதிக்க வைத்த தீர்த்தம்

சிவதாணுவின் வலது தோள் காலையிலிருந்தே விண்விண்ணென்று தெறித்தது. சாலைக் கம்போளச் சந்தையில் அரிசி மூட்டை சுமந்து தேய்ந்த தோள். மூட்டை சுமந்து வலித்தால் அதில் ஒரு நியாயம் உண்டு. எச்சில் துப்புவதற்கு வரிசையில் நின்று வலித்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

ஆம், எச்சில் துப்பத்தான். கரமனையில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் ஆளுயர ஃபிளெக்ஸ் நின்றது. 'ஸ்ரீ ஜீனானந்தா சுவாமிகள்! ஏழு தலைமுறைப் பாவம் உங்கள் எச்சிலில்! கண்ணால் காணலாம், கையோடு கரைக்கலாம்!' அடுத்தவர் வாய் வைத்த டம்ளரைப் புளி போட்டுத் தேய்க்கிற வலியசாலை மாமிகளும், வாசலில் எவனாவது துப்பினால் போலீசைக் கூப்பிடுகிற ஓய்வுபெற்ற அதிகாரிகளும், வெள்ளிக் கிண்ணத்தில் துப்ப டோக்கன் வாங்கிக்கொண்டு பக்தியோடு நின்றார்கள்.

முறை இதுதான். உப்புத் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். சுவாமி அதில் 'காமதேனுப் பால்' நாலு சொட்டு விடுவார். சோப்பு போல நுரைக்கும். பிறகு குளிர்ந்த 'சோமரசத்தை' ஓரமாக ஊற்றுவார். ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாடை அடிக்கும். சோமரசம் வேறெப்படி வாடை அடிக்கும் என்று பக்தர்கள் மூக்கைச் சமாதானப்படுத்திக்கொள்வார்கள். உடனே கண்ணாடிக் குழாயில் வெள்ளை வெள்ளையாய் நூல் எழும்பும்.

"பாருங்கோ, கர்மநூல்!" என்பார் சுவாமி. மண்டபம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

அந்த நூலைத் தீர்த்தத்தில் போட்டு மந்திரம் சொன்னால் கரைந்து காணாமல் போகும். பாவமும் போச்சு. தீர்த்தத்தை முன்னாலேயே வாங்கிப்போய் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துக் கொண்டுவர வேண்டும். ஏன் ஃபிரிட்ஜ்? கைலாசம் குளிர்ப் பிரதேசம் அல்லவா! வந்ததும் ஆளுக்கு ஒரு மடக்குக் குடிக்க வேண்டும். மீதியில்தான் நூல்.

சிவதாணு வந்தது மகள் ஆர்ஷாவுக்காக. கல்லூரியில் உயிரியல் பாடம் நடத்துகிறவள். அவளும் பிபினும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். பிபினின் அம்மா தங்கபாய்தான் இடையில் நூலை நீட்டிவிட்டாள்.

"ஜாதகமெல்லாம் பழசு அண்ணாச்சி. இப்பம் உள்ளது ஜீனாக்கும். நூலு கரைஞ்சாத்தான் நிச்சயம்."

சிவதாணு மகளைப் பார்த்தார். ஆர்ஷா சிரித்தாள். "துப்பத்தானேப்பா சொல்லுகாவ. துப்பிருவோம்."

துப்பினாள். நூல் எழும்பியது. பிபினோடு வந்திருந்த தங்கபாயின் குப்பியிலிருந்து ஆளுக்கொரு மடக்குக் குடித்தார்கள். மீதியில் நூல் விழுந்தது. சுவாமி மந்திரம் சொன்னார். நூல் கரையவில்லை. மறுபடியும் சொன்னார், கொஞ்சம் சத்தமாக. நூல் தேங்காய்ப்பூ மாதிரி ஹாயாக உட்கார்ந்திருந்தது. சுவாமிக்கே வியர்த்துவிட்டது. ஆனால் தொழில் தெரிந்தவர்.

"குட்டியோட தாயார் உண்டா?"

"செத்துப்போயாச்சு சாமி" என்றார் சிவதாணு.

"அதாக்கும் காரியம்! தாய்வழி மகாபாவம்!"

தங்கபாய் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "எனக்கு அப்பமே தெரியும். அவ அம்மைக்க ரத்தமே அழுக்கு. நல்ல வேளை, எனக்க மவன் தப்பிச்சான்!"

எத்தனையோ மூட்டைகளைத் தாங்கிய சிவதாணுவுக்கு அந்த ஒரு சொல்லைத் தாங்க முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டார். ஆர்ஷாவின் சிரிப்பு நின்றுவிட்டது. குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"அத்தை, இந்தத் தீர்த்தத்தை என்ன செய்தீங்க? கொதிக்க வச்சீங்களா?"

தங்கபாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. "பின்னே? பச்சை வெள்ளத்தையா குடிக்கது? ஊரெல்லாம் மஞ்சக்காமாலை. எங்க வீட்டுல கொதிக்க வைக்காத வெள்ளம் ஒரு சொட்டு தொண்டையில இறங்காது. சாமி தந்தாலும் வெள்ளம் வெள்ளம்தான். நல்லா கொதிக்க வச்சு, ஆத்தி, திரும்பக் குப்பியில ஊத்திக் கொண்டாந்தேன்."

"கொதிக்க வச்சேளா?" என்று சுவாமி கேட்டது, கொன்றுவிட்டீர்களா என்று கேட்பது போலிருந்தது.

"சரி, சோதிச்சிரலாம்" என்றாள் ஆர்ஷா. "சுவாமி, கொதிக்க வைக்காத குப்பி ஒண்ணு தாங்க. அத்தை, நீங்க துப்புங்க."

"நான் எதுக்குட்டி?"

"பாவம் இல்லைல்லா? பின்னே என்ன பயம்?"

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. தங்கபாய் துப்பினாள். நூல் தாராளமாகவே எழும்பியது. ஆர்ஷா அதை இரண்டாகப் பிரித்தாள். பாதி கொதித்த தீர்த்தத்தில், பாதி பச்சைத் தீர்த்தத்தில். மந்திரம் யாரும் சொல்லவில்லை. பச்சையில் போட்டது கொஞ்ச நேரத்தில் காணாமல் போனது. கொதித்ததில் போட்டது அப்படியே கிடந்தது. பிறகு தன் நூலை எடுத்துப் பச்சையில் போட்டாள். அதுவும் காணோம்.

"ஆக, அத்தைக்க பாவமும் எனக்க பாவமும் ஒண்ணுபோலத்தான். தீர்த்தம்தான் வேற."

முன்வரிசையில் பட்டாபி மாமா எழுந்தார். வலியசாலைக்காரர், மூன்று முறை துப்பியவர். "அடுப்பில வச்சா போயிடற சக்தி என்ன சக்தியாக்கும் அது?"

"அது சக்தி இல்ல மாமா, புரதம். இந்த நூலு டிஎன்ஏ. எல்லார் எச்சில்லயும் உண்டு. நேந்திரம்பழத்தை மசிச்சாலும் இதே மாதிரி வரும், பழம் என்ன பாவம் செய்தது? தீர்த்தத்துல உள்ள புரதம் அந்த நூலைக் கட்டிப் பிடிச்சுக் கத்திரி மாதிரி துண்டு துண்டா நறுக்கும். நம்ம உடம்புக்குள்ளயும் இதே வேலைக்கு ஆள் உண்டு. ஒரு செல்லு செத்தா அதுக்க நூலை நறுக்கித் துப்புரவாக்குறது அவங்கதான். ஆனா புரதம்னா முட்டை வெள்ளைக்கரு மாதிரி. கொதிச்சா அவிஞ்சிரும். அவிஞ்ச கத்திரி வெட்டாது." சுவாமியிடம் திரும்பினாள். "இது எதுலேருந்து எடுத்தது சுவாமி?"

சுவாமி தீர்த்தத்தின் மானத்தையாவது காப்பாற்ற நினைத்தார். "சுத்தமான சாதனமாக்கும்! பசுவோட கணையத்துலேருந்து எடுத்தது. பசு புனிதமில்லையோ?"

குடித்த தீர்த்தம் எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது. பிறகு பட்டாபி மாமா வாயைப் பொத்திக்கொண்டு கை கழுவுமிடத்துக்கு ஓடினார். பின்னாலேயே பாதி மண்டபம் ஓடியது. ஏமாற்றியதற்கு வராத கோபம் கணையத்துக்கு வந்தது. செருப்புகள் பறந்தன. இவ்வளவு நேரம் டோக்கன் வாங்கிக் கிண்ணத்தில் துப்பியவர்கள், இப்போது டோக்கன் இல்லாமலே சுவாமியின் முகத்தில் துப்பினார்கள். ஜீனானந்தா சமையலறை வழியாகப் பாய்ந்து ஓர் ஆட்டோவில் ஏறி முக்தி அடைந்தார்.

தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க மாட்டோம் என்கிற ஊர், சாமியார் சொல்லை மட்டும் பச்சையாகவே விழுங்குகிறது. அதையும் ஒரு கொதி கொதிக்க வைத்துப் பாருங்களய்யா, எவ்வளவு மிஞ்சுகிறது என்று!

கூட்டம் கலைந்ததும் தங்கபாய் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வந்தாள். "நூலுதான் கரைஞ்சாச்சுல்லா மக்ளே. நிச்சயத்துக்கு நாள் பாப்போமா?"

"நாள் அப்புறம் பாக்கலாம் அத்தை. எங்க அம்மைக்க ரத்தத்தை அழுக்குன்னு சொன்னீங்க. அதுக்கு ஒரு மன்னிப்பு பாக்கி நிக்குது."

"அது சாமி சொன்னாரேன்னு..."

"சாமி ஓடியாச்சு. சொன்ன வாய் உங்களுதுதானே?"

பிபின், தன் அம்மாவின் பக்கத்திலிருந்து விலகி, சிவதாணுவின் பக்கத்தில் வந்து நின்றான். தங்கபாய் மன்னிப்புக் கேட்காமலே படியிறங்கினாள்.

அதன்பிறகு சிவதாணு வீட்டுக்கு உண்ணியப்பம் வந்தது. பலாச்சக்கை வறுவல் வந்தது. ஓணத்துக்குப் பட்டுப்புடவைகூட வந்தது. ஆர்ஷா எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினாள். செத்துப்போன ஒருத்திக்குத் தங்கபாய் பட்டிருக்கிற கடன் ஒரு மன்னிப்பு. அது இன்னும் வந்துசேரவில்லை.