மூன்று கேமரா, ஒரே தோல்வார்

இனி என் வாழ்வில் ஒரே கேமராதான் என்று மனைவி மினேகோவிடம் சத்தியம் செய்தேன். வேறு வழியில்லை. எங்கள் டோக்கியோ வீட்டில் மெத்தைகளை மடித்து வைக்கும் அலமாரியைத் திறந்தால் கேமராதான் உருண்டு விழும். ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் விற்றேன்.

"இன்னொண்ணு உள்ளே வந்தா, இருக்கறதும் வெளியே போயிடும்" என்றாள்.

வைத்துக்கொண்டது உள்ளங்கை அளவு ஃபிலிம் கேமரா. என்னைவிட மூத்தது. பேட்டரி கேட்காது. வெளிச்சம் போதாவிட்டால், பார்க்கும் துளைக்குள் சிவப்பு நாக்கை நீட்டி, 'எடுக்க மாட்டேன் போ' என்று அடம்பிடிக்கும். அந்த வீம்புக்காகவே அதன்மேல் எனக்கு உயிர்.

நகானோ பக்கம் ஒரு பழைய கேமராக் கடையில் அதன் அண்ணனும் தம்பியும் அச்சு அசலாக உட்கார்ந்திருந்தால் நான் என்ன செய்வேன்? வாங்கிவிட்டேன். மூன்றுக்கும் ஒரே தோல்வார். மாற்றி மாற்றி மாட்டிக்கொள்வேன். வார் இல்லாத இரண்டும் அலமாரியில் மடித்து வைத்த குளிர்கால மெத்தைக்குள் தூங்கும்.

"பழசானாலும் என்னமா உழைக்குது பாருங்க!" என்று மினேகோ மெச்சுவாள். நான் என் மூளையை மெச்சிக்கொள்வேன்.

ஒரு நாள் அண்ணன் கேமராவில் படம் எண்ணும் முள் தானாக ஓடியிருந்தது. கிழத்துக்குப் புத்தி பிசகிவிட்டது என்று மிச்சப் படங்களையும் எடுத்து முடித்து, ஃபிலிமைக் கழுவக் கொடுத்தேன்.

படங்கள் வந்தன. அதாமி வெந்நீர் ஊற்றில் கால் நனைத்தபடி மினேகோ! பக்கத்து வீட்டு ஹொன்மா அம்மாளோடு விலாங்கு மீனை ஒரு பிடி பிடிக்கும் மினேகோ! அக்காவுக்குக் கை முறிந்துவிட்டது, சமைத்துப் போட வேண்டும் என்று கிளம்பிப் போனவள்! அத்தனை நாளும் நான் கடைச் சோற்றுருண்டை தின்று கிடந்தேன்.

கையும் களவுமாக அகப்பட்டாள் என்று வீட்டுக்குப் பாய்ந்தேன்.

"அக்கா கை எப்படி இருக்கு?"

"தேவலைங்க. ஏன் திடீர்னு?"

"அதாமிக்குத்தானே போனே?"

"யார் சொன்னா?"

"படமே சொல்லுதே! நம்ம கேமராவில எடுத்த படம்!"

"நம்ம வீட்ல இருக்கறது ஒரே கேமரா. அத்தனை நாளும் அது உங்க கழுத்துல தொங்கிச்சு. அதாமிக்கு எப்படிங்க வரும்?"

அது அண்ணன் கேமரா என்று சொன்னால், மூன்றும் வெளியே போய்விடும்.

"கடைக்காரன்... யாரோட படத்தையோ மாத்திக் குடுத்துட்டான்போல."

"இருக்கும், இருக்கும். குடுங்க, பார்க்கலாம்."

பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, என் கைக்கு ஒரு நாளும் இவ்வளவு அழகான படம் வந்ததில்லை. அந்தச் சிவப்பு நாக்கு அவளுக்கு மட்டும் நீளவே இல்லை. கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவள் சிரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மினேகோ எனக்குத் தேநீர் ஊற்றினாள்.

"ஏங்க, மூணாவதுலயும் ஃபிலிம் தீர்ந்துபோச்சு. நாளைக்கு வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வாங்க."